துளை வழியே வந்த பதில்

பெரம்பலூரிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் கடந்தால் ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணில் படும். பேருந்தில் போகும்போது எத்தனையோ முறை பார்த்து, 'அடுத்த முறை இறங்கிவிட வேண்டும்' என்று சொல்லிக்கொண்டே கடந்துபோன கோட்டை அது. ஒருவழியாகச் சென்ற மாசி மாதத்தில் நண்பர்கள் மூவர் அதனைக் காணச் சென்றோம். அகழியைத் தாண்டி, பேட்டைப் பகுதியின் இடிபாடுகளையும் நிலத்தடி அறைகளையும் பார்த்துவிட்டு, கோட்டைமேட்டின் மதிலருகே சற்று அமர்ந்தோம். மதிலின் மேற்பகுதியில் துப்பாக்கியை நீட்டிச் சுடுவதற்கென விடப்பட்ட துளைகள். உள்ளே கை நுழையும், தலை நுழையாது.

எங்களுள் ஒருவர் மதிலின் மறுபக்கம் இறங்கிப்போய் அங்கிருந்து பேசினார். குரல் தெளிவாகக் கேட்டது. துளைக்கு நேரே நின்றபோது மட்டுமின்றி, இரண்டடி தள்ளி நின்றபோதும், பாறையில் சாய்ந்து அமர்ந்தபோதும் ஏறத்தாழ அதே அளவில் கேட்டது. இன்னொரு நண்பருக்கு உடனே ஓர் ஐயம்: "பேச்சு இப்படி வருகிறது, சரி. துப்பாக்கி வேட்டும் இதே மாதிரிதான் வருமா?" ஓர் அணுகுண்டு வெடியைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றும் அவரே யோசனை கூறினார். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது என்பதை நினைவூட்டி அவரை அடக்கி வைத்தோம். ஆனால் கேள்வி அடங்கவில்லை. வீடு திரும்பிய பின் தேடியதில், அக்கேள்விக்கு இயற்பியலில் ஒரு விடையும், அதே கோட்டையின் வரலாற்றில் இன்னொரு விடையும் கிடைத்தன. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரை.

முதலில் வரலாறு.

1749ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் வீழ்ந்ததும், அவர் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் ஒடுங்கினார். பிரெஞ்சுக்காரரின் துணையுடன் சந்தா சாகிப் ஆற்காட்டை ஆண்டார். 1751இல் அவர் திருச்சியை நோக்கிப் பெரும்படையுடன் புறப்பட்டபோது, வழியிலேயே தடுத்து நிறுத்துவதற்கென ஆங்கிலேயர் ஒரு படையை அனுப்பினர். தளபதி ஜிஞ்சன்ஸ், பிறப்பால் சுவிட்சர்லாந்துக்காரர். ஏறத்தாழ 500 ஐரோப்பியரும் 1,000 சிப்பாய்களும் அவரிடம் இருந்தனர். முகமது அலியின் தம்பி அப்துல் வகாப் ஒரு படையுடன் வந்து சேர்ந்துகொண்டார். இந்தக் கூட்டத்தில் ராணுவத்துக்கு உணவும் பொருளும் சேகரித்துத் தரும் பொறுப்பில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். பெயர் ராபர்ட் கிளைவ்.

ஆற்காட்டிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருவழியில் 'வால்கொண்டா' என்ற இடத்தில் இருபடைகளும் எதிர்ப்பட்டன என்று ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். வாலீஸ்வரர் கோயில் உள்ள வாலிகண்டபுரத்தின் பெயர்தான் ஆங்கிலேயர் நாவில் அப்படித் திரிந்தது. அவர் வருணிக்கும் கோட்டை ரஞ்சன்குடியே என்று பொதுவாகக் கொள்வர். பாறை ஒன்று, அதன் அடியிலும் இடையிலும் உச்சியிலுமாக மூன்று சுற்று மதில்கள், சமவெளியில் ஒரு கற்கோட்டை, அதையொட்டி மண்சுவர் சூழ்ந்த ஊர் என்பது அவர் தரும் சித்திரம். பாறையின் உயரத்தை 200 அடி என்கிறார். மேலே ஏறி இறங்கிய எங்கள் கால்களின் கணக்குப்படி இது சற்றுத் தாராளம்தான்.

கோட்டையை வைத்திருந்த கில்லேதார் யார் பக்கமும் சாயவில்லை. யாரிடம் கோட்டை இருக்கிறதோ அவரிடமே பெருவழியும் இருக்கும் என்பதால் இரு தரப்பும் அவரோடு பேசிக்கொண்டிருந்தன. அவர் இருவருக்கும் இனிமையாகவே விடை சொன்னார். இரண்டு வாரம் போல் இப்படியே கழிந்தது. பொறுமை இழந்த ஆங்கிலப் படை ஊருக்குள் புகுந்து பேட்டைக்குத் தீ வைத்தது. கற்கோட்டையை மட்டும் பிடிக்க முடியவில்லை. மறுநாள் சந்தா சாகிப்பின் படை நகர்ந்து வந்தது. பிரெஞ்சு அணியின் தலைவர் தோத்தேயில் கீல்வாத நோயால் நடக்கமாட்டாமல் பல்லக்கில் அமர்ந்தபடியே தம் ஆட்களை ஊக்கிக்கொண்டு வந்தாராம். இரு தரப்பும் பீரங்கிகளால் சுட்டுக்கொண்டன. அதுவரை வாய்மூடி இருந்த கோட்டையின் பீரங்கிகளும் அப்போது முழங்கின. ஆங்கிலேயரை நோக்கி.

அணி குலைந்தது. ஜிஞ்சன்ஸும் கிளைவும் வேறு சில அதிகாரிகளும் தடுத்துப் பார்த்தும் ஐரோப்பிய வீரர்கள் திரும்பி ஓடினார்கள். எதிரிகளின் வாளுக்கும் எட்டாத தூரத்தில் நடந்த ஓட்டம் அது. அப்துல் வகாப் அவர்களை நோக்கிக் கடிந்துரைத்தும் பயன் இல்லை. அன்றே தெற்கு நோக்கிப் பின்வாங்கத் தொடங்கிய படை ஊட்டத்தூரில் சற்றுத் தங்கி, பிறகு திருச்சியில் போய்த்தான் நின்றது. இந்தச் சண்டையில் முகமது அலி தரப்பு வென்றதாகச் சில சுற்றுலாக் குறிப்புகளில் காண்கிறோம். ஓர்ம் கிளைவின் நண்பர். ஆங்கிலேயரின் பெருமையை எழுதவே பேனா எடுத்தவர். அவரே தம்மவர் ஓடியதை ஒளிக்காமல் எழுதியிருக்கும்போது, நாம் அவர்களுக்கு வெற்றியைத் தானம் செய்ய வேண்டியதில்லை. சில வாரங்களுக்குப் பிறகு கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்துப் புகழ் பெற்ற கதையின் வெளிச்சத்தில் இந்த ஓட்டம் மறைந்துபோயிற்று, அவ்வளவுதான்.

எத்தனையோ குண்டுகளை அன்று முன்பகலிலேயே எதிர்கொண்டு நின்றவர்கள் கோட்டைப் பீரங்கிக்கு மட்டும் ஏன் ஓடினார்கள்? ஓசையின் அச்சமே காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதி உண்மை. இரண்டு வாரமாகக் கில்லேதார் சொல்லாமல் வைத்திருந்த பதில் அந்த முழக்கத்தில் இருந்தது என்பதே எங்கள் துணிபு. அதைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

இனி ஓசைக்கு வருவோம். இதே கும்பினியாரின் பீரங்கிகள் எழுபது ஆண்டுகள் கழித்துச் சென்னையில் வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டன. 1820-21இல் சென்னை வானாய்வுக்கூடத்தின் வானியலர் ஜான் கோல்டிங்ஹாம், பரங்கிமலையிலும் ஜார்ஜ் கோட்டையிலும் வழக்கமாகச் சுடப்படும் பீரங்கிகளின் ஒளியைக் கண்டு, ஓசை வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு, ஒலியின் வேகத்தை அளந்தார். ஒன்று ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவில். மற்றது 4 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நொடிக்கு 1,100 அடியை ஒட்டி வந்த அந்த வேகம், வெயில் மாதங்களில் கூடுவதையும் குளிர் மாதங்களில் குறைவதையும் அவர் கண்டார். 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளியாயிற்று. ஒலியியல் வரலாற்றில் சென்னைக்குக் கிடைத்த இந்த இடம் நம்மவர் பலருக்கும் தெரியாது.

கோல்டிங்ஹாமின் கணக்கில் ஒரு மறைமுகமான நம்பிக்கை இருக்கிறது: பெரிய ஓசையும் சிறிய ஓசையும் ஒரே வேகத்தில் செல்லும் என்பது. தொலைவில் அது சரி. அருகில் சரியில்லை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வடதுருவப் பனிக்கடலில் பாரியின் குழுவினர் ஒரு விந்தையைக் கவனித்தார்கள். 'சுடு' என்று அதிகாரி இட்ட ஆணை, பீரங்கியின் ஓசைக்குப் பிறகே தொலைவில் நின்றவர்களின் காதில் விழுந்தது! ஷெஃபீல்டு நகரத்துப் பாதிரியார் சாமுவேல் எர்ன்ஷா 1860இல் எழுதிய கட்டுரையில் இதைச் சான்றாகக் காட்டினார். காற்று மிகுதியாக அழுத்தப்படும்போது சூடேறுகிறது. அலை செல்லும் திசையிலேயே தானும் நகர்கிறது. ஆகவே அலையின் முகடு அதன் பள்ளத்தைவிட விரைவாக ஓடி, முன்பக்கம் செங்குத்துச் சுவர்போல் நிமிர்ந்துவிடுகிறது. இதுவே அதிர்ச்சி அலை. 1880களில் எர்ன்ஸ்ட் மாக், துப்பாக்கிக் குண்டின் முன்னே விரியும் இந்தச் சுவரைப் புகைப்படமாகவே எடுத்துக் காட்டினார்.

ஒலி ஒரு குறுகிய துளையை அடையும்போது என்ன ஆகிறது? அலைநீளத்தைவிடத் துளை சிறிதாக இருந்தால், மறுபக்கத்தில் துளையே ஒரு புதிய ஒலிமூலம்போல் ஆகி, எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. விளிம்பு விளைவு என்று பள்ளிப் பாடநூலில் படித்திருப்போம். மனிதக் குரலின் தாழ்ந்த ஒலிகளுக்கு அலைநீளம் 2 அல்லது 3 மீட்டர். ஒரு சாண் துளை அதற்கு ஊசிக்கண்தான். நண்பரின் குரல் மதிலின் இப்பக்கம் எங்கே நின்றாலும் கேட்டதன் காரணம் இது. ஒளியின் அலைநீளம் மிகமிகச் சிறிது என்பதால் துளைக்கு நேரே நின்றால்தான் அவர் முகம் தெரிந்தது.

இதுவரை சொன்னது மென்மையான ஒலிக்கு. சாதாரணப் பேச்சில் காற்றுத் துகள்கள் முன்னும் பின்னும் அசையும் தூரம், தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். துளையின் விளிம்புகள் அங்கிருப்பதே அந்தக் காற்றுக்குப் பெரிய செய்தியில்லை. உரசாமல் போய் வருகிறது. ஓசை 140 டெசிபெலைத் தொடும்போது, அந்த அழுத்தம் ஒரு துளையின் வழியே காற்றை நொடிக்கு 18 மீட்டர் வேகத்தில் தள்ளக்கூடியது. அசையும் தூரம் இப்போது சென்டிமீட்டர்களில். அவ்வளவு வேகத்தில் வெளியேறும் காற்று விளிம்பை ஒட்டி வளைந்து செல்ல முடியாமல் பிய்ந்து, ஒரு தாரையாகப் பீறிடுகிறது. அதன் ஓரங்கள் சுருண்டு வளையமாகின்றன. அலை பின்வாங்கும்போது, வெளியே போன வளையம் திரும்பி வருவதில்லை. அதில் இருந்த ஆற்றல் ஒலியின் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. 1950இல் உனோ இங்கார்டு என்பவரும் லபாத்தே என்பவரும் புகையைச் செலுத்தி இந்தச் சுழல்களைக் கண்ணால் கண்டு பதிவு செய்தார்கள். புகைவளையத்தைப் பார்க்க ஆய்வகம்கூட வேண்டியதில்லை. ஒரு பக்கம் வட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஊதுபத்திப் புகையை நிரப்பி, பின்பக்கத்தைத் தட்டினால் போதும்.

இதன் விளைவு சற்று வியப்பானது. மென்மையான ஒலியில் அழுத்தம் இருமடங்கானால் துளை வழியே பாயும் காற்றும் இருமடங்காகும். வன்மையான ஒலியில் பாய்ச்சலை இருமடங்காக்க அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். பேச்சுக்கு அகலத் திறக்கும் வாசல், வேட்டுக்கு ஒருக்களித்துக்கொள்கிறது என்று சொல்லலாம். நண்பரின் ஐயத்துக்கு விடை இதுதான்: இல்லை, வேட்டு அதே மாதிரி வராது. துளையின் மறுபக்கம் முதலில் அரைக்கோளமாக விரிந்து விரைவில் வலுவிழக்கும் ஓர் அதிர்ச்சி அலை வரும். அதன் பின்னே மெதுவாக ஒரு சுழல்வளையம் வரும். மிச்சம், எங்கே தோன்றியதோ அங்கேயே சுற்றிக்கொண்டு கிடக்கும்.

அந்த மிச்சத்தைப் பற்றித்தான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. துப்பாக்கியின் வாய் துளைக்கு வெளியே நீண்டிருந்தால் வேட்டு பெரும்பாலும் வெளியே போகும். பீரங்கியின் வாயும் மதிலின் வெட்டுக்குள் போதிய அளவு நீண்டிருக்க வேண்டும் என்பது அக்காலப் பீரங்கிக்காரர்கள் அறிந்ததே. இல்லையேல் வெட்டின் கன்னங்கள் இரண்டும் சிதையும். ஆனால் ஒவ்வொரு முறையும் பின்னுக்கு உதைத்துக்கொண்டு வரும் பீரங்கியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தும் ஆட்கள், களைத்த பொழுதில் எத்தனை முறை அதை முழுவதும் தள்ளியிருப்பார்கள்? வாய் அரையடி உள்ளே தங்கினாலும் வேட்டில் ஒரு பங்கு அவர்கள் பக்கமே திரும்பும். ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டு போடுகிறவரிடம் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எதையும் அவரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டும்.

ரஞ்சன்குடியின் பீரங்கிகளை அன்று கொளுத்தியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பேட்டையில் வீடு எரிந்தவர்களின் பெயரும் இல்லை. வெளியே நின்று முழக்கத்தைக் கேட்டு ஓடியவர்களின் வரலாறு விரிவாகவே கிடைக்கிறது. உள்ளே நின்று கேட்டவர்களுக்கு அன்று மாலை காதில் என்ன ரீங்காரம் இருந்தது என்று எழுதுவார் இல்லை.

அவர்களுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய ஒரு பொருள் மிகப் பிற்காலத்தில் வந்தது. பிரான்சின் செயின்ட் லூயி நகரில் உள்ள பிரெஞ்சு-ஜெர்மானிய ஆய்வு நிறுவனத்தார், மேலே சொன்ன ஒருக்களிக்கும் வாசலையே காதுக்குக் காவலாக்கினார்கள். காதடைப்பானின் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. தோழன் பேசுவது அதன் வழியே கேட்கும். துப்பாக்கி வெடித்தால் காற்று துளையில் சுழன்று திணறி, அழுத்தத்தில் பெரும்பங்கு அங்கேயே செலவாகும். அமைதியாக இருந்தால் திறந்தும், வெடித்தால் மூடியும் இருக்கும் கதவு, நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாமல்! ஆனால் கருத்து சரியாக இருந்தால் போதாது, காதில் பொருந்தவும் வேண்டும். அமெரிக்கப் படைக்கு வழங்கப்பட்ட இவ்வகை அடைப்பான் காதில் சரியாக நிற்காமல் தளர்ந்து, தங்கள் செவியைக் கெடுத்துவிட்டது என்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடுத்தனர். 2023இல் அதைத் தயாரித்த நிறுவனம் சுமார் 600 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. பீரங்கிக்காரரின் காதுக்கும் ஒரு விலை உண்டு என்று உலகம் ஏற்றுக்கொள்ள இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஜிஞ்சன்ஸின் படை ஓடித் தங்கிய ஊட்டத்தூரை நிலவியலாளர்கள் வேறு காரணத்துக்காக அறிவார்கள். இந்தப் பகுதி ஒரு காலத்தில் கடல். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே ஆய்ந்த பிளான்ஃபோர்டு, பாறை அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று ஊர்ப்பெயர்களையே இட்டார். அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்தான் அரியலூரைச் சிமெண்டு ஆலைகளின் ஊராக்கியது. கல்லை எடுக்க வெடி வைக்க வேண்டும். ஆக, இந்த மண்ணில் முழக்கம் 1751உடன் முடிந்துவிடவில்லை.

திரும்பும் வழியில் அரியலூருக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். வெடி வைக்கிற நேரம் வந்தால் வீட்டில் சன்னலைத் திறந்து வைத்துவிடுவார்களாம். "சாத்தி வச்சா கண்ணாடி போயிடும் தம்பி. திறந்து வச்சா தட்டு முட்டுச் சாமான் ஆடுறதோட சரி" என்றார். கேட்டதும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுரங்க வெடியிலிருந்து வரும் காற்றலையில் பெரும்பகுதி காதுக்கே எட்டாத தாழ்ந்த அதிர்வெண். நொடிக்கு 10 அதிர்வு என்றால் அலைநீளம் 35 மீட்டரை நெருங்கும். எந்தச் சுவரையும் வளைந்து வரும். சன்னல் திறந்திருந்தால் உள்ளும் புறமும் அழுத்தம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். சாத்தியிருந்தால் இடுக்குகளின் வழியே காற்று நுழைந்தாக வேண்டும். குறுகிய வழியில் அது திணறுவதற்குள் வெளியழுத்தம் முழுவதும் கண்ணாடியின்மேல் விழுந்துவிடும். இங்கார்டு புகையை வைத்துக் கண்டதன் ஒரு பகுதியைப் பெரியவர் உடைந்த கண்ணாடியை வைத்துக் கண்டிருக்கிறார்.

சுவர் விரிசல் அவருடைய இன்னொரு குறை. அது பெரும்பாலும் நிலத்தின் வழியே வரும் அதிர்வின் வேலை. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997இல் வெளியிட்ட சுற்றறிக்கை, நொடிக்கு 8 அதிர்வுக்குக் குறைந்த நிலையில், பிறர் குடியிருக்கும் வீடுகளின் அருகே நில அதிர்வின் வேகம் நொடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. வரலாற்றுச் சின்னங்களுக்கு 2 மில்லிமீட்டர். கங்கைகொண்ட சோழபுரம் இதே அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதால் அந்த இரண்டு மில்லிமீட்டரை நாம் சற்றுக் கவலையோடுதான் படித்தோம். பெரியவரின் வீட்டுக்கு ஐந்து என்பதையும்.

ரஞ்சன்குடியில் அன்று பொழுது சாய்ந்துகொண்டிருந்தபோது, துளையின் மறுபக்கம் போன நண்பர் இன்னும் எதையோ பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு அவர் குரலுக்கு நடுவே இன்னொரு குரலும் அதே துளையின் வழியே வந்தது. கோட்டையைப் பூட்டும் நேரமாகிவிட்டது என்றார் காவலர்.